ஒரே புத்தகம், ரெண்டு வாசிப்பு

யாத்திராகமத்தை முதல் தடவை வாசிக்கிற எந்தச் சின்னப் பிள்ளையும் கேட்டுவிடுகிற கேள்வி ஒன்று உண்டு. "பார்வோன் மனசைக் கடவுளே கடினமாக்கிட்டார்னா, அப்புறம் எதுக்கு பார்வோனைத் தண்டிச்சார்?"

பெரும்பாலும் கிடைக்கிற பதில், "நீ பெரியவனானா புரியும்". பெரியவன் ஆன பிறகும் புரியாது என்பது வேறு விஷயம் :-)

மனிதனுக்குச் சுயசித்தம் உண்டா, இல்லையா? நல்லதை நோக்கி ஒரு அடியாவது அவனால் தானாக எடுத்து வைக்க முடியுமா? இல்லை, அந்த ஒரு அடியும் கடவுளின் கிருபைதானா? கிறிஸ்தவ வரலாற்றில் இந்தக் கேள்வி அடங்கிக் கிடந்ததே இல்லை. 5ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் பெலேஜியஸ் என்கிற துறவிக்கும் ஹிப்போ நகரத்து ஆயர் அகஸ்டினுக்கும் இதே சண்டைதான். 418ல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலேஜியஸ் பக்கத்தைத் தள்ளிவைத்தது. ஆனால் கேள்வியைத் தள்ளிவைக்க முடியவில்லை.

இந்தப் பதிவில் நான் எழுதப்போவது அதற்கு ஆயிரத்து நூறு வருஷம் கழித்து, 1524லும் 1525லும் எராஸ்மஸுக்கும் மார்ட்டின் லூதருக்கும் நடந்த சண்டையைப் பற்றி. நான் இறையியல் படித்ததில்லை. படித்தது பொறியியல், பிழைப்பு மென்பொருள். ஆனால் ஒரு ஆவணத்தில் இருக்கிற ஒரே வாக்கியத்தை ரெண்டு பேர் ரெண்டு விதமாகப் புரிந்துகொண்டு, ரெண்டு பேருமே "இதான் தெளிவா எழுதியிருக்கே!" என்று மேஜையைத் தட்டுவது எங்கள் தொழிலில் வாரத்துக்கு ஒரு தடவையாவது நடக்கும். அதனாலேயே இந்தச் சண்டை எனக்கு ரொம்ப நெருக்கமாகத் தெரிகிறது. வெளியே பார்த்தால் மனித சித்தத்தைப் பற்றிய சண்டை. உள்ளே போனால் ஒரு புத்தகத்தை எப்படி வாசிப்பது என்கிற சண்டை.

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் எராஸ்மஸ். ஹாலந்தின் ரோட்டர்டாமில் பிறந்தவர். ஒரு பாதிரியாருக்குக் கல்யாணம் ஆகாமல் பிறந்த பிள்ளை. சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்து, மடத்தில் சேர்ந்து, பிறகு மடத்தை விட்டு வெளியே வந்து, பேனாவை நம்பிப் பிழைத்தவர். லத்தீன் எழுதுவதில் அன்றைய ஐரோப்பாவில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று பேர். 1516ல் பாசல் நகரத்தில் ஃப்ரோபனின் அச்சகத்தில் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தையும், பக்கத்திலேயே தன்னுடைய லத்தீன் மொழிபெயர்ப்பையும் அச்சிட்டு வெளியிட்டார். கடைக்கு வந்த முதல் கிரேக்கப் புதிய ஏற்பாடு அதுதான்.

அவசர வேலை. கையில் இருந்த கையெழுத்துப் பிரதிகளும் கொஞ்சம்தான். வெளிப்படுத்தின விசேஷத்துக்கு ஒரே ஒரு பிரதி, அதிலும் கடைசித் தாளைக் காணோம். மனுஷன் யோசிக்கவே இல்லை. கடைசி ஆறு வசனங்களை லத்தீனில் இருந்து தானே கிரேக்கத்துக்குத் திருப்பி எழுதிச் சேர்த்துவிட்டார். டெலிவரி தேதி நெருங்கினால் எல்லாக் காலத்திலும் இப்படித்தான் போல. இதைச் சிரிப்பதற்காக மட்டும் சொல்லவில்லை. வேதத்தின் ஒவ்வொரு வார்த்தையும் எந்தப் பிரதியில் எப்படி இருக்கிறது, எங்கே மாறுகிறது என்று கையால் தொட்டுப் பார்த்த ஆள் அவர். "வேதம் தெளிவானது" என்று யாராவது சத்தமாகச் சொன்னால் அவர் கொஞ்சம் நெளிவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்து லூதர். 1483ல் ஜெர்மனியின் ஐஸ்லேபனில் பிறந்தவர். சட்டம் படிக்கப்போய், 1505ல் அகஸ்டின் சபைத் துறவியாகி, விட்டன்பர்க்கில் பேராசிரியரானவர். 1517ல் பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தை எதிர்த்து 95 கருத்துகளை வெளியிட்டது எல்லோருக்கும் தெரிந்த கதை. 1521ல் வோர்ம்ஸ் நகரத்தில் பேரரசர் முன்னால் நின்று, எழுதியதைத் திரும்பப் பெற மாட்டேன் என்றார். அதன் பிறகு வார்ட்பர்க் கோட்டையில் ஒளிந்திருந்தபோது புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். சுமார் 11 வாரத்தில் முடித்தாராம். எதை வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தார்? எராஸ்மஸ் 1519ல் போட்ட இரண்டாம் பதிப்பை வைத்துக்கொண்டு!

அதாவது, சண்டை போட்ட ரெண்டு பேர் கையிலும் இருந்தது ஒரே புத்தகம். அதில் ஒருவர் பதிப்பாசிரியர், இன்னொருவர் அதை மொழிபெயர்த்தவர். எராஸ்மஸ் போட்ட முட்டையை லூதர் பொரித்தார் என்று அந்தக் காலத்திலேயே ஒரு பேச்சு உண்டு. நான் போட்ட முட்டையில் இந்தப் பறவை வரும் என்று எதிர்பார்க்கவில்லை என்பதுதான் எராஸ்மஸின் நிலை.

சரி, சண்டை எப்படி ஆரம்பித்தது?

1518 ஏப்ரலில் ஹைடல்பர்க் விவாதத்தில் லூதர் ஒரு கருத்தை வைத்தார். ஆதாமின் வீழ்ச்சிக்குப் பிறகு சுயசித்தம் என்பது வெறும் பேர் மட்டும்தான், உள்ளே ஒன்றுமில்லை என்று. 1520 ஜூனில் போப் பத்தாம் லியோ வெளியிட்ட கண்டன ஆணையில் லூதரின் 41 கருத்துகள் தவறு என்று பட்டியல் போடப்பட்டன. அதில் 36ஆவது இந்தக் கருத்து. அடுத்தவர்களாக இருந்தால் கொஞ்சம் இறங்கி வந்திருப்பார்கள். லூதர் அதே வருஷக் கடைசியில் எழுதிய பதிலில் இன்னும் ஒரு படி ஏறினார். 'வெறும் பேர்' என்று சொன்னதுகூடப் போதாது, எல்லாமே அவசியத்தினால்தான் நடக்கிறது என்றார்.

இதற்குள் எராஸ்மஸ் மீது நாலா பக்கமும் நெருக்கடி. இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி, போப் ஆறாம் ஏட்ரியன் (இவர் எராஸ்மஸின் நாட்டுக்காரர்), சாக்சனியின் ஜார்ஜ் பிரபு என்று எல்லோரும் "நீங்க எப்போ லூதருக்கு எதிரா எழுதப்போறீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எழுதாவிட்டால் லூதரின் ஆள் என்று முத்திரை விழும். 1524 ஏப்ரலில் லூதரே அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். எங்களோடு சேராவிட்டாலும் பரவாயில்லை, சும்மா வேடிக்கை பாருங்கள், நீங்கள் எனக்கு எதிராக எழுத வேண்டாம், நானும் உங்களுக்கு எதிராக எழுத மாட்டேன் என்பதுதான் சாராம்சம்.

எராஸ்மஸ் கேட்கவில்லை. 1524 செப்டம்பரில் 'சுயசித்தம் குறித்து' என்கிற லத்தீன் நூல் பாசலில் வெளியானது.

அவர் தேர்ந்தெடுத்த தலைப்பைக் கவனியுங்கள். போப்பின் அதிகாரம், உத்தரிக்கிற ஸ்தலம், பாவமன்னிப்புச் சீட்டு எதையும் அவர் தொடவில்லை. அந்த விஷயங்களில் சபையின் ஊழலைப் பற்றி அவரே நக்கலடித்து எழுதியவர்தான். அதனால் லூதரோடு உண்மையிலேயே ஒத்துப்போகாத இடம் எதுவோ அதை எடுத்தார்.

அடுத்து அவர் போட்டுக்கொண்ட விதி. லூதர் வேதத்தைத் தவிர வேறு அதிகாரத்தை ஏற்பதில்லை. சரி, நானும் வேதத்தை மட்டுமே வைத்துப் பேசுகிறேன் என்றார். ஆனால் உடனே ஒரு கேள்வியையும் வைத்தார். நமக்குள் தகராறு வேதத்தைப் பற்றி இல்லை, அதை ரெண்டு பேருமே மதிக்கிறோம். தகராறு அதன் அர்த்தத்தைப் பற்றி. அர்த்தம் தெளிவாக இருந்தால், இத்தனை நூற்றாண்டுகளாக இத்தனை பரிசுத்தவான்களும் படிப்பாளிகளும் ஏன் தடுமாறினார்கள்? பரிசுத்த ஆவி விளக்கிக்கொடுப்பார் என்றால், ஆவி தன்னிடம்தான் இருக்கிறது என்று ஆளாளுக்குச் சொல்கிறார்களே, அதில் யாரை நம்புவது?

அதனால் அவருடைய முடிவு அடக்கமானது. வேதத்தில் சில விஷயங்கள் பட்டப்பகல் போலத் தெளிவு, நல்லபடி வாழ்வது எப்படி என்பது அதில் ஒன்று. சில விஷயங்கள் இருட்டுக் குகை மாதிரி, கொஞ்ச தூரம் போனதும் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புவதுதான் மரியாதை. கடவுளின் முன்னறிவும் மனித சித்தமும் எப்படி ஒத்துப்போகின்றன என்பது ரெண்டாவது வகை. இந்த மாதிரி இடத்தில் அடித்துச் சொல்வது எனக்குப் பிடிக்காது, சபை சொல்வதை ஏற்றுக்கொண்டு போய்விடுவேன் என்றார்.

பிறகு வசனங்களை அடுக்கினார். முதலில் எடுத்தது சீராக் ஞான நூலின் 15ஆம் அதிகாரம்: கடவுள் ஆதியில் மனிதனைப் படைத்து, அவனை அவன் முடிவின் கையிலேயே விட்டார் என்று சொல்கிற இடம். அப்புறம் உபாகமம் 30. ஜீவனையும் மரணத்தையும் முன்னால் வைத்து, ஜீவனைத் தெரிந்துகொள் என்று மோசே சொல்வது. நாற்சந்தியில் நிற்கிறவனிடம் "ரெண்டு வழி இருக்கு, இஷ்டப்பட்ட வழியில போ" என்று சொல்லிவிட்டு, ஒரு வழியை மட்டும் திறந்து வைத்திருந்தால் அது கேலி இல்லையா என்று கேட்டார். முடியாததைச் செய்யச் சொல்லி, செய்யவில்லை என்று தண்டிக்கிறவர் நீதியுள்ள கடவுள்தானா?

ஆனால் மனிதன் தானாகவே எல்லாம் செய்துவிடுவான் என்றும் அவர் சொல்லவில்லை. பெலேஜியஸ் பக்கம் போகாமல் ஜாக்கிரதையாக இருந்தார். அவர் சொன்ன உவமை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நடை பழகுகிற குழந்தை கீழே விழுகிறது. அப்பா தூக்கி நிறுத்தி, தூரத்தில் ஒரு ஆப்பிளைக் காட்டுகிறார். குழந்தை ஆசையாக எட்டு வைக்கிறது. விழப்போகும்போதெல்லாம் அப்பா தாங்கிப் பிடிக்கிறார். கடைசியில் ஆப்பிளைக் கையில் கொடுக்கிறார். அப்பா இல்லாமல் குழந்தை எழுந்திருக்கவே முடியாது. ஆனாலும் குழந்தை ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியுமா? ஆரம்பம் கிருபை, முடிவு கிருபை, நடுவில் ஒரு துளி மனிதனின் ஒத்துழைப்பு. அந்தத் துளியை மட்டும் விட்டுவையுங்கள் என்பதுதான் அவர் கோரிக்கை.

லூதர் உடனே பதில் எழுதவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்த இடைவெளியில் நடந்ததைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை பாதிதான்.

1524லிலேயே ஆரம்பித்த ஜெர்மன் குடியானவர் போராட்டம் 1525ல் தீயாகப் பரவியது. அந்த வருஷம் மார்ச்சில் மெம்மிங்கன் நகரத்தில் குடியானவர்கள் 12 கோரிக்கைகளை எழுதினார்கள். அச்சில் வந்த அந்தக் காகிதத்தின் ஓரங்களில் வசனங்களைக் குறிப்பிட்டிருந்தார்கள்! எங்கள் போதகரை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது முதல் கோரிக்கை. கிறிஸ்து தம் ரத்தத்தால் எல்லோரையும் மீட்டிருக்கிறார், மேய்ப்பனையும் ராஜாவையும் ஒன்றுபோலவே மீட்டிருக்கிறார், அப்புறம் நாங்கள் ஏன் பண்ணையடிமைகளாக இருக்க வேண்டும் என்பது மூன்றாவது. பன்னிரண்டாவதுதான் அழகு. இதில் எந்தக் கோரிக்கையாவது வேதத்துக்கு முரண் என்று காட்டுங்கள், வாபஸ் வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள்.

வோர்ம்ஸில் லூதர் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதானே? வேதத்தைக் காட்டு, ஏற்றுக்கொள்கிறேன்.

லூதர் முதலில் ரெண்டு தரப்பையும் கண்டித்தார். பிரபுக்களின் அநியாயத்தைச் சொன்னார். ஆனால் ஆன்மாவுக்கான விடுதலையைக் குடியானவர்கள் உடம்புக்கான விடுதலையாக மாற்றிவிட்டார்கள், வேதத்தைத் தப்பாக வாசிக்கிறார்கள் என்றார். மே மாதம் எழுதியது பயங்கரம். கலகக்காரர்களைக் குத்துங்கள், வெட்டுங்கள் என்று பிரபுக்களுக்குச் சொல்கிற அளவுக்குப் போனார். மே 15ல் ஃப்ராங்கன்ஹௌசனில் குடியானவர் படை நசுக்கப்பட்டது. ஆவி நேரடியாக உள்ளத்தில் பேசும் என்று பிரசங்கித்த தாமஸ் முன்ட்ஸர் பிடிபட்டு, அதே மாதம் கொல்லப்பட்டார். அந்தப் போரில் மொத்தம் செத்தவர்கள் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்று கணக்குகள் உண்டு.

"அர்த்தத்தை யார் தீர்மானிப்பது?" என்று எராஸ்மஸ் லத்தீனில் கேட்ட கேள்விக்கு, ஜெர்மன் வயல்களில் எவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டியிருந்தது பாருங்கள். இந்த ரத்தத்தில் உனக்கும் பங்கு உண்டு என்று எராஸ்மஸ் பின்னால் லூதரைக் குத்திக்காட்டவும் செய்தார்.

ஜூனில் லூதருக்குக் கல்யாணம். முன்னாள் கன்னியாஸ்திரீ காத்தரீனா ஃபொன் போராவை மணந்தார். டிசம்பரில் பதில் வந்தது. தலைப்பே பதில்தான்: 'அடிமைப்பட்ட சித்தம் குறித்து'.

ஆரம்பத்திலேயே எராஸ்மஸின் நடையைப் புகழ்ந்துவிட்டு, தங்கப் பாத்திரத்தில் குப்பையைக் கொண்டுவந்திருக்கிறீர்களே என்று கேட்டார் (அவர் சொன்னது குப்பையைவிட மோசமான பொருள்!). ஆனால் கடைசியில் மனசாரப் பாராட்டினார். மற்றவர்கள் எல்லாம் போப், உத்தரிக்கிற ஸ்தலம் என்று சில்லறை விஷயங்களில் என்னைப் பிடித்தார்கள், நீங்கள் ஒருவர்தான் சரியாகக் கழுத்தைப் பிடித்தீர்கள் என்றார். அவருக்கு இது 41இல் ஒன்று இல்லை. மற்ற எல்லாமே இதன் மேல்தான் நிற்கின்றன.

அவருடைய வாதத்தில் எனக்குப் பளிச்சென்று பட்டது இலக்கணம். நீங்கள் காட்டுகிற வசனங்கள் எல்லாம் ஏவல் வாக்கியங்கள், 'செய்', 'தெரிந்துகொள்', 'திரும்பு'. ஏவலில் இருந்து 'உன்னால் முடியும்' என்கிற செய்தி எப்படி வரும்? கட்டளை நாம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது, என்ன செய்ய முடியும் என்று சொல்லவில்லை. முடியவில்லை என்பதை நமக்குக் காட்டிக்கொடுக்கவே கட்டளை வந்தது என்றார்.

மென்பொருள்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். ரிக்வயர்மென்ட் டாக்குமென்டில் "இந்த சிஸ்டம் இத்தனை பேரைத் தாங்க வேண்டும்" என்று எழுதியிருக்கும். அதனாலேயே தாங்கிவிடுமா? டெஸ்ட் ஓடும்போதுதான் தெரியும். லூதரின் கணக்கில் மோசேயின் சட்டம் அந்த டெஸ்ட். எல்லோரும் அதில் ஃபெயில்.

ஆனால் எராஸ்மஸின் கேள்வி அங்கேயே நிற்கிறது. தாங்காது என்று முன்பே தெரிந்து டிசைன் செய்தவர், தாங்காததற்காக சிஸ்டத்தைத் தண்டிப்பாரா?

சரி, பார்வோனுக்கு வருவோம். எராஸ்மஸ் பழைய ஆசிரியர் ஓரிஜனின் வழியில் போனார். ஒரே வெயில்தான் மெழுகை உருக்குகிறது, களிமண்ணை இறுக்குகிறது. கடவுள் பொறுமையாக இருந்தார், அந்தப் பொறுமையைப் பார்த்துப் பார்வோன் தானே இறுகிப்போனான். யாத்திராகமத்தில் பார்வோன் தன் மனசைத் தானே கடினப்படுத்தினான் என்றும் சில இடங்களில் வருகிறது, 8ஆம் அதிகாரம் பாருங்கள். 9லும் 10லும் கர்த்தர் கடினப்படுத்தினார் என்று வருகிறது. லூதர் விடவில்லை. கர்த்தர் கடினப்படுத்தினார் என்று எழுதியிருந்தால் கர்த்தர் கடினப்படுத்தினார் என்றுதான் அர்த்தம். கடவுள் அவனுக்குள் புதிதாகத் தீமையை வைக்கவில்லை. எல்லாவற்றையும் இயக்குகிறவர் அவர், ஏற்கெனவே கெட்டுப்போன பார்வோனையும் சேர்த்து இயக்குகிறார். நொண்டிக் குதிரையை ஓட்டினால் ஓட்டம் நொண்டும், அது ஓட்டுகிறவன் குற்றமில்லை என்றார்.

மனித சித்தத்துக்கும் அவர் குதிரை மாதிரி ஒரு சவாரி மிருகத்தைத்தான் உவமை சொன்னார். கடவுள் ஏறினால் கடவுள் போகும் இடத்துக்குப் போகும், சாத்தான் ஏறினால் அவன் போகும் இடத்துக்குப் போகும். யார் ஏறுவது என்று மிருகம் தீர்மானிக்க முடியாது. ஆனால் அது கட்டாயம் இல்லை, கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதில்லை. யூதாஸ் மனசு வைத்துத்தான் காட்டிக்கொடுத்தான். அந்த மனசை அவனால் மாற்றிக்கொள்ள முடியவில்லை, அவ்வளவுதான். ஆடு மாடு, காசு பணம் மாதிரி நமக்குக் கீழே இருக்கிற விஷயங்களில் மனிதனுக்குச் சுதந்திரம் உண்டு, கடவுளை நோக்கிய விஷயத்தில் இல்லை என்றும் பிரித்தார்.

வேதம் தெளிவில்லை என்ற பேச்சுக்குத்தான் அவருக்கு வந்த கோபம்! பரிசுத்த ஆவியானவர் சந்தேகவாதி இல்லை என்றார். சில சொற்கள், சில இலக்கணம் நமக்கு விளங்காமல் இருக்கலாம், ஆனால் சொல்ல வந்த விஷயம் வெட்டவெளிச்சம், இருட்டு நம் கண்ணில்தான் என்றார். அவர் பக்கத்து நியாயமும் லேசானதில்லை. புத்தகம் இருட்டு என்று ஒத்துக்கொண்டால், அதற்கு விளக்குப் பிடிக்கிறவன் சொன்னதுதான் சட்டம். அந்த விளக்குப் பிடித்தவர்கள்தான் சீட்டு விற்றார்கள். சாதாரண மனுஷன் கையில் வேதத்தைக் கொடுக்க ராத்திரி பகலாக மொழிபெயர்த்தவருக்கு, "அது உனக்குப் புரியாது" என்பதைவிடப் பெரிய அவமானம் என்ன?

"என்னையல்லாமல் உங்களால் ஒன்றும் முடியாது" என்கிற பொருளில் யோவான் 15ல் இயேசு சொல்கிற இடம் இருக்கிறதே, அங்கே 'ஒன்றும்' என்றால் 'முழுமையாக ஒன்றும்' என்று எடுத்துக்கொள்ளலாமே என்றார் எராஸ்மஸ். ஒன்றுமில்லை என்றால் கொஞ்சம் இருக்கிறது என்று அர்த்தமா என்று லூதர் போட்டுத் தாளித்துவிட்டார். இந்த ரவுண்டு லூதருக்குத்தான் :-)

எராஸ்மஸ் 1526லும் 1527லும் ரெண்டு பாகமாக நீளமான மறுப்பு எழுதினார். லூதர் அதற்குப் பதில் எழுதவில்லை.

ஆனால் வரலாறு பதில் எழுதியது, ரெண்டு பேருக்குமே.

1529 அக்டோபரில் மார்பர்க்கில் லூதரும் சூரிச் நகரத்துச் சீர்திருத்தவாதி ஸ்விங்கிலியும் சந்தித்தார்கள். ரெண்டு பேருமே வேதம் மட்டுமே போதும் என்கிறவர்கள், தெளிவானது என்கிறவர்கள். 15 விஷயங்களில் 14ல் ஒத்துப்போனார்கள். பதினைந்தாவதில், திருவிருந்தில் 'இது என் சரீரம்' என்றதில் 'இது' நிஜமா அடையாளமா என்ற இடத்தில் உடைந்தது. லூதர் மேஜையில் சாக்கட்டியால் அந்த வாக்கியத்தை எழுதி வைத்துக்கொண்டு பேசினாராம். எவ்வளவு தெளிவு வேண்டும் இதற்கு மேல்? எதிரில் இருந்தவருக்கும் அவ்வளவு தெளிவு, வேறு அர்த்தத்தில்.

லூதரின் வலதுகரமான மெலாங்தன் 1521ல் சுயசித்தம் இல்லவே இல்லை என்று எழுதியவர். பின்னாளில் எழுதிய பதிப்புகளில் வசனம், ஆவி, கூடவே எதிர்க்காத மனித சித்தம் என்று மூன்றையும் சேர்த்தார். எராஸ்மஸின் அந்த ஒரு துளி, விட்டன்பர்க்கின் கொல்லை வழியாகத் திரும்பி வந்துவிட்டது. 1546ல் லூதர் இறந்த பிறகு லூதரன்களே இதற்காகப் பல வருஷம் சண்டை போட்டு, 1577ல்தான் ஒரு அறிக்கையில் வந்து நின்றார்கள்.

கத்தோலிக்கர் பக்கம்? ட்ரென்ட் சங்கம் 1546 ஏப்ரலில் சபை கொண்ட அர்த்தத்துக்கு எதிராக யாரும் வேதத்துக்கு அர்த்தம் சொல்லக்கூடாது என்றது. 1547 ஜனவரியில் சுயசித்தம் பலவீனப்பட்டது, ஆனால் அழியவில்லை என்றது. கிட்டத்தட்ட எராஸ்மஸ் சொன்னதுதான். அதற்காக அவருக்கு மாலை போட்டார்களா? 1559ல் போப் நான்காம் பவுல் வெளியிட்ட தடைப் பட்டியலில் எராஸ்மஸின் எல்லா நூல்களும் இருந்தன! சபையே தீர்மானிக்கட்டும் என்றவருக்குச் சபை தீர்மானித்துக் கொடுத்தது அது. 1536ல் இறந்த அவர் புதைக்கப்பட்டதும் ப்ராட்டஸ்டன்ட் ஆகிவிட்டிருந்த பாசல் பேராலயத்தில்தான்.

இனி நான் நினைப்பது.

பல வருஷமாக இந்தச் சண்டையை 'எராஸ்மஸ் நல்லவர், லூதர் முரடர்' என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி முடித்துவிட முடியாது. லூதர் கடைசிப் பகுதியில் ஒன்று சொல்கிறார். சுயசித்தம் எனக்குக் கிடைக்கும் என்றாலும் வேண்டாம். என் இரட்சிப்பு என் கையில் இருந்தால், நான் செய்தது போதுமா, இன்னும் செய்ய வேண்டுமா என்று ஒரு நாளும் நிம்மதி இருக்காது, அது கடவுள் கையில் இருப்பதே எனக்கு ஆறுதல் என்கிறார். மடத்தில் உபவாசமும் பாவசங்கீர்த்தனமுமாக வருஷக்கணக்கில் தன்னை வதைத்துக்கொண்டவர் சொல்கிறார் இதை. நமக்கு அடிமைத்தனமாகத் தெரிவது அவருக்கு விடுதலை. எராஸ்மஸுக்கு முக்கியம் கடவுளின் நீதி, கொடூரமான ஒருவரை நான் எப்படி அப்பா என்று கூப்பிடுவது என்பது. ரெண்டு பயமும் நிஜம். ஒருவருக்குத் தன்னைப் பற்றிய பயம், இன்னொருவருக்குக் கடவுளின் பேரைப் பற்றிய பயம். அந்த பயம்தான் எந்த வசனத்தை எடுத்துக்கொண்டு மற்ற வசனங்களை விளக்குவது என்று தீர்மானித்தது.

அதனால் 'புத்தகமே எல்லாவற்றையும் சொல்லிவிடும்' என்பதும் முழுசாக உண்மையில்லை, 'பெரியவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள்' என்பதும் போதவில்லை. முதலாவதை நம்பிய குடியானவர்களை லூதரே கைவிட்டார். ரெண்டாவதை நம்பிய எராஸ்மஸைச் சபையே கைவிட்டது. ஒருவர் வசனத்தைக் காட்டும்போது, அது என்ன சொல்கிறது என்பதோடு, அதை முதலில் எடுத்துக் காட்ட வைத்தது எது என்றும் கேட்பது நல்லது. எதிராளியைக் கேட்பதற்கு முன்னால் தன்னைக் கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

இந்தச் சண்டையின் தடம் நம்ம ஊர் வரைக்கும் இருக்கிறது. 1537ல் ஒரு கடிதத்தில் லூதர், தான் எழுதியதில் இந்த 'அடிமைப்பட்ட சித்தம்' நூலும் ஞானோபதேசமும் தவிர மற்றவை போனாலும் பரவாயில்லை என்றார். அவருடைய சின்ன ஞானோபதேசத்தைத் தமிழில் கொண்டுவந்தவர், 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க். புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டவரும் அவரே. இன்னொரு தடம்: எராஸ்மஸ் முதல் சாட்சியாகக் கூப்பிட்ட சீராக் நூல், கத்தோலிக்கத் தமிழ் விவிலியத்தில் இருக்கிறது, ப்ராட்டஸ்டன்டுகள் வீட்டில் வைத்திருக்கும் பழைய திருப்புதல் வேதாகமத்தில் இல்லை. அந்த நூலை நான் ஒதுக்கியே வைக்கலாம், இப்போதைக்கு ஒத்துக்கொண்டு பதில் சொல்கிறேன் என்றுதான் லூதர் பேசினார். தன்னுடைய 1534 ஜெர்மன் வேதாகமத்தில் அதை வாசிக்க நல்ல, ஆனால் வேதத்துக்குச் சமமில்லாத நூல்களோடு தனியாக வைத்தார். அதாவது 'ஒரே புத்தகம்' என்பதே பிறகு ரெண்டாகிவிட்டது.

நேரம் கிடைத்தால் யாத்திராகமம் 7இல் இருந்து 10 வரை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். ஒவ்வொரு வாதைக்குப் பிறகும் மனசைக் கடினப்படுத்தியது யார் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். அரை மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகு நீங்கள் யார் பக்கம் என்று சொல்லுங்கள்.